ஐஸ்லாந்து ரிங் ரோட்டில் பத்து நாள் கேம்பர்வேன்: ஒரு நிகழ்வு ஆய்வு

கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் யோசிப்பது விபத்தைத்தான். ஐஸ்லாந்தில் பணத்தைத் தின்பவை வேறு: காற்று மடக்கிவிட்ட கதவு, எதிரே வந்த வண்டி தெறித்த கல், எரிமலை மணல் உரித்த பெயின்ட், ஆற்றுத் தண்ணீர் புகுந்த இன்ஜின். வாடகை ஒப்பந்தத்தில் இந்த நான்கும் நான்கு தனி இடங்களில் இருக்கும். சிலவற்றுக்குக் கூடுதல் பணம் கட்டினால் பாதுகாப்பு உண்டு, சிலவற்றுக்கு எவ்வளவு கட்டினாலும் கிடையாது. கவுன்டரில் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம், கார் பார்க்கில் வண்டியை எந்தத் திசை பார்த்து நிறுத்துகிறோம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பயணத்தின் செலவுக் கணக்கு விளங்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பயணம் இது. பெரியவர்கள் இருவர். செப்டம்பர் பின்பாதி, 10 நாள், 9 இரவு. கெஃப்லாவிக் விமான நிலையத்தருகே வண்டியை எடுத்து, அங்கேயே ஒப்படைப்பது. ரெனோ டிராஃபிக் அளவுள்ள டீசல் வேன், முன்சக்கர இயக்கம், டீசல் ஹீட்டர், தனி பேட்டரி, சிறிய ஃப்ரிட்ஜ், பின்புறம் படுக்கை. தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலை சுமார் 1,322 கிலோமீட்டர். விமான நிலையப் போக்குவரத்தும் அருவி, கடற்கரை என்று உள்ளே திரும்பும் கிளைச்சாலைகளும் சேர்ந்தால் 1,750 வரும். இந்தச் சாலையில் வாடகை வேன்களுக்குத் திரும்பத் திரும்ப நேர்வதையெல்லாம் இந்த ஒரே பயணத்தின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம்.

உரிமம், கார்டு, கியர்

லத்தீன் எழுத்தில் அச்சிட்ட வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தை ஐஸ்லாந்து சுற்றுலாப் பயணியிடம் ஏற்கிறது. இந்திய ஸ்மார்ட் கார்டு உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சிக்கல் குறைவு. ஆனாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் கவுன்டரில் இருப்பவர் அதைக் கேட்டால் அங்கே வாதாட நேரமில்லை. இந்தியாவில் ஆர்டிஓ வழியாக, பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ நிரப்பி 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டு செல்லுபடியாகும் அனுமதி கிடைக்கும். இலங்கையில் இதை வழங்குவது ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன். அனுமதிப் புத்தகம் தனியாகச் செல்லாது, அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

டெபாசிட் பிடித்து வைக்க ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டும் டெபிட் கார்டும் பல இடங்களில் எடுபடாது. மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் புக்கிங் என்றால் கவுன்டரிலேயே பயணம் நின்றுவிடும். கார்டின் ரகசிய எண்ணை (PIN) மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஊர்ப்புறத்துப் பெட்ரோல் பங்குகளில் ஆளே இருக்க மாட்டார், இயந்திரம் அந்த எண்ணைக் கேட்கும்.

1968 மே 26 அன்று ஐஸ்லாந்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நம் பழக்கத்துக்கு எதிர்ப்பக்கம். ஸ்டியரிங் இடதுபுறம், கியர் வலது கையில். இன்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஓடும். அது போகட்டும், ஆபத்து இடப்பக்கம் திரும்பும்போதுதான். ஆளில்லாத சாலையில் பழக்கம் தானாக இடப்பக்கம் இழுக்கும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று வாய்விட்டுச் சொல்வது முதல் இரண்டு நாளுக்கு வெட்கப்படாமல் செய்ய வேண்டிய காரியம். ஆட்டோமேட்டிக் வேன்கள் எண்ணிக்கையில் குறைவு, வேண்டுமென்றால் முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

தலைநகர் ரெய்க்யாவிக்கின் இரண்டு தட ரவுண்டானாக்களில் உள்வட்டத்தில் இருப்பவருக்கே வெளியேறும் முன்னுரிமை. வெளிவட்டத்தில் இருக்கிறவர் நின்று வழிவிட வேண்டும். முதல் ரவுண்டானாவுக்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் வேண்டுமா

எஃப் எழுத்தில் தொடங்கும் மலைநாட்டுச் சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி போவது சட்டப்படியே தடை. நாம் எடுத்த வேனுக்கு அந்த வழி அடைப்பு. ஒன்றாம் எண் சாலைக்கு முன்சக்கர இயக்கம் போதும், செப்டம்பர் முழுக்கத் தாராளமாகப் போதும். குளிர்காலமாக இருந்தால் பதில் மாறும்.

எஃப் எழுத்து இல்லாத சில சாலைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தீவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் 35-ஆம் எண் க்யோலூர் சாலை, 550-ஆம் எண் கால்திதலூர் சாலை இரண்டுக்கும் இப்போது எஃப் கிடையாது. வரைபடத்தில் சாதுவாகத் தெரியும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் இந்த இரண்டையும் பெயர் சொல்லியே தடுத்திருப்பார்கள். தடுத்த சாலையில் சக்கரம் வைத்த நிமிடமே நீங்கள் வாங்கிய காப்பீடுகள் செல்லாமல் போகும், இழுவை வண்டிக்கான செலவும் உங்கள் தலையில். ஒப்பந்தத்தில் உள்ள சாலை எண்களை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள்.

சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது நாடு முழுவதும் குற்றம், அபராதம் கடுமை. பாசி படர்ந்த அந்த மண்ணில் ஒரு டயர் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். படம் எடுக்க இரண்டடி ஒதுங்குவதுகூட வேண்டாம்.

காப்பீட்டை வரி வரியாகப் படிப்பது

அடிப்படை வாடகையில் மூன்றாம் தரப்புக் காப்பீடும் சிடிடபிள்யூ எனும் மோதல் சேதப் பாதுகாப்பும் இருக்கும். இதில் உங்கள் பங்கு என்று ஒரு தொகை உண்டு. சேதம் அந்தத் தொகைக்குள் இருந்தால் முழுவதும் நீங்கள், மிஞ்சினால் மீதி அவர்கள். எஸ்சிடிடபிள்யூ எனும் கூடுதல் மோதல் பாதுகாப்பை வாங்கினால் உங்கள் பங்கு குறையும். இந்தப் பங்கு பயணத்துக்கு ஒன்றா, சேதத்துக்கு ஒன்றா? பெரும்பாலும் சேதத்துக்கு ஒன்று. காலையில் விண்ட்ஷீல்டில் கல், மாலையில் பம்பரில் கம்பம் என்றால் இரண்டு தடவை கட்ட வேண்டும்.

சரளைக்கல் பாதுகாப்பு தனி. விண்ட்ஷீல்டு, ஹெட்லைட், முன்பக்கப் பெயின்ட் மூன்றும் இதில் அடங்கும். எங்கள் கருத்தில் இந்தப் பயணத்துக்கு விடவே கூடாதது இதுதான். ஒன்றாம் எண் சாலை தார்ச்சாலைதான், ஆனால் முகாம்களுக்கும் கடற்கரைகளுக்கும் போகும் கிளைகள் பலவும் சரளை. எதிரே வரும் வண்டி 80-ல் வந்து, நீங்களும் 80-ல் போனால் தெறிக்கும் கல் 160 வேகத்தில் கண்ணாடியில் விழும். எதிர்வண்டி தெரிந்ததும் 40-க்கு இறங்கி வலது ஓரம் ஒட்டுவதே பாதிக் காப்பீடு.

மணல், சாம்பல் பாதுகாப்பு இன்னொரு தனித் தாள். தெற்குக் கரையில் மிர்தால்ஸ்சாந்தூர், ஸ்கெய்தாராவ்ர்சாந்தூர் எனும் கருமணல் வெளிகளைக் கடக்கிறோம். புயற்காற்றில் அந்த மணல் உப்புத்தாள் போல வண்டியைத் தேய்க்கும். கண்ணாடி மங்கிப்போகும், பெயின்ட் உரிந்து தகரம் தெரியும், ஒரு பக்கம் முழுக்க மறுபெயின்ட் அடிக்க நேரும். எச்சரிக்கை வந்த நாளில் அந்தப் பாதையில் போகாமலிருக்க உங்களால் முடியுமென்றால் இந்தத் தாளை விடலாம். விமான நாள் நெருங்கியிருந்தால் வாங்கிவிடுங்கள்.

இனி, பொதுவாக எந்தத் தாளிலும் வராதவை: ஆறு கடக்கும்போது புகுந்த தண்ணீர், வண்டியின் அடிவயிற்றில் பட்ட அடி, தவறான எரிபொருள், உள்ளே படுக்கையிலும் அடுப்பிலும் ஏற்பட்ட சேதம், தாழ்ந்த வளைவில் இடித்த கூரை, காற்று பிடுங்கிய கதவு. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் சில நிறுவனங்கள் இப்போது தனிப் பாதுகாப்பு விற்கின்றன. கவுன்டரில் இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள்: "காற்றில் கதவு மடங்கினால் என் பங்கு எவ்வளவு? அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?" வாயால் சொல்லும் பதில் போதாது, பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

காற்றும் கதவும்

இந்த ஆய்வின் நடு மையம் இது. ஐஸ்லாந்து வானிலை அறிக்கை காற்றை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 15 என்றால் 54, 20 என்றால் 72, 28 என்றால் சென்னைப் புயல் எச்சரிக்கையில் கேட்கும் 100. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 20 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 250 நியூட்டன் தள்ளும். முன்கதவின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதாவது, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று கதவின் நடுவில் சாய்ந்தது போல. காற்று 28-க்கு ஏறினால் இரண்டு மூட்டை. அதுவும் மெதுவாகச் சாயாது, வீசிச்சாயும்.

கதவு எல்லையைத் தாண்டும்போது என்ன ஆகிறது? கீல்களுக்கு நடுவே கதவைப் பிடித்து நிறுத்தும் சிறிய இரும்புப் பட்டை முதலில் வளையும் அல்லது அறுபடும். தடை போனதும் கதவின் முன்விளிம்பு முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் போய்க் குத்தும். கீல் திருகும். பிறகு கதவை மூடினால் மேல்மூலையில் விரல் நுழையும் இடைவெளி நிற்கும், பூட்டு கொக்கியில் சரியாக விழாது. கதவு, தகடு, கீல், பெயின்ட் என்று நான்கு வேலை. அடுத்த பட்டறை 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். ஒரே விநாடியில் நடந்து முடியும் இந்தக் காரியம் மீதி நாட்களை விழுங்கிவிடும்.

தடுக்கும் வழி எளிது, ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்ய வேண்டும். வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கட்டும். முன்கதவின் கீல் முன்பக்கம் இருப்பதால் எதிர்க்காற்று கதவை மூடத்தான் தள்ளும். முதுகு காற்றைப் பார்த்தால் அதே காற்று கதவைப் பாய்மரமாக்கி முன்னே வீசும். திசை தெரியாவிட்டால் கொடிக்கம்பத்தையோ புல்லையோ பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஜன்னலை ஒரு விரல் இறக்கிக் கையை வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். இரண்டையும் திறந்தால் காற்று ஊடே பாயும். திறக்கும்போது ஒரு கை கதவின் உள்பிடியில், மறு கை கதவின் மேல்விளிம்பில். ஒரு சாண் திறந்து அங்கேயே பிடித்து, இழுப்பைக் கையில் உணர்ந்த பிறகு இறங்கி, பிடி விடாமல் மூட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரே விதி: ஓட்டுபவர் "இரு, நீ திறக்காத, நான் சுத்தி வர்றேன்" என்றால் கையைத் தாழ்ப்பாளில் வைக்கவே கூடாது. காற்றுள்ள நாளில் பக்கவாட்டுச் சறுக்குக் கதவையே வாசலாக்கிக்கொள்வது இன்னும் நல்லது. அதைக் காற்று மடக்க முடியாது. மேலே தூக்கும் டிக்கிக் கதவு இருந்தால், பின்பக்கம் காற்றைப் பார்த்து நிற்கும்போது அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஓடும் வண்டிக்கும் இதே கணக்குதான். நம் வேனின் பக்கவாட்டுப் பரப்பு ஒன்பது சதுர மீட்டர் என்று வைத்தால் 20 மீட்டர் குறுக்குக்காற்று 225 கிலோ எடையளவு தள்ளும். உயரமான ஃபியட் டுகாட்டோ வகைக்கு 350 தாண்டும். சீராகத் தள்ளினால் ஸ்டியரிங்கால் சமாளிக்கலாம். மலையடிவாரங்களில் காற்று விட்டு விட்டு அறையும். கியாலார்நெஸ், ஹாஃப்னார்ஃப்யாட்ல், எய்யாஃப்யோட்ல் மலையடிவாரம், ஓராய்ஃபி, ஹ்வால்நெஸ் ஆகியவை இதற்குப் பெயர் போனவை. அங்கெல்லாம் சாலையோர மின்பலகையில் அப்போதைய காற்றும் அதன் உச்ச வீச்சும் மீட்டரில் ஓடும். சராசரி 15 தாண்டினால் வேன் ஓட்ட யோசிக்க வேண்டும். வீச்சு 20-ஐத் தொட்டால் முகாமிலேயே இருந்துவிடுங்கள். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் 60-க்கு மேல் வேண்டாம். லாரி கடக்கும்போது ஒரு நொடி காற்று அறுந்து, லாரி விலகியதும் திரும்ப அறையும். அந்த நொடியில் கை இளகக் கூடாது.

தினமும் இரண்டு தளங்கள் பார்க்க வேண்டும்: காற்றுக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளுக்கும் ஐஸ்லாந்து வானிலை அலுவலகம், திறந்த, மூடிய சாலைகளுக்கும் காற்றளவுக்கும் சாலைத்துறையின் உம்ஃபெர்தின் தளம். தொலைபேசியில் 1777 சாலைத் தகவல், 112 அவசர உதவி. இரவு ஒருமுறை, காலை கிளம்புமுன் ஒருமுறை.

வண்டியை வாங்கும் அந்த ஒரு மணி நேரம்

விமானத்திலிருந்து இறங்கிய களைப்பில் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதே பின்னால் வரும் தகராறுகளுக்கு வேர். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளிச்சத்தில், வண்டியைச் சுற்றிவந்து, இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: நான்கு மூலைகள், விண்ட்ஷீல்டின் ஒவ்வொரு புள்ளி, கதவுக் கீல்கள் திறந்த நிலையில், சக்கர விளிம்புகள், கூரை, குனிந்து அடிப்பகுதி, கடைசியாக மீட்டரும் எரிபொருள் முள்ளும். விண்ட்ஷீல்டில் அரிசி அளவு சில்லு இருந்தாலும் ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். குளிரும் குலுக்கலும் சேர்ந்தால் அந்தச் சில்லு மூன்றாம் நாள் கோடாக ஓடும், அப்போது அது யார் சில்லு என்ற கேள்வி வரும்.

ஸ்டெப்னி இருக்கிறதா? பல வேன்களில் டயர் ஓட்டையடைக்கும் திரவமும் சிறு பம்பும் மட்டுமே தருவார்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அது பயன்படாது. ஜாக்கி, திருகுச்சாவி இருக்குமிடத்தைப் பாருங்கள். டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்துக்கான தொட்டியின் மூடி எங்கே என்று கேளுங்கள். நீல மூடி போட்ட அதில் டீசலோ, டீசல் டேங்கில் ஆட்ப்ளூவோ ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, அப்படியே நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். திருப்பிவிட்டால் திரவம் பம்பு, இன்ஜெக்டர் வரை போய்விடும்.

ஹீட்டரை அங்கேயே 15 நிமிடம் ஓட விடுங்கள். சூடான காற்று வர நான்கைந்து நிமிடம் ஆகும், அதுவரை புகை நாற்றம் லேசாக வரலாம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சத்தம் கேளுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்ப் பம்பு, அடுப்புப் பற்றவைப்பு, படுக்கை விரிக்கும் முறை எல்லாம் அவர்கள் முன்னால் ஒருமுறை. ஹெட்லைட் சுவிட்சையும் பாருங்கள். இந்த நாட்டில் பகலிலும் விளக்கெரிய வேண்டும். ஆட்டோவில் விட்டால் முன்விளக்கு மட்டும் எரிந்து பின்விளக்கு இருண்டிருக்கும், கையால் ஆன் செய்ய வேண்டும்.

ராத்திரி ஹீட்டர் ஏன் நிற்கிறது

செப்டம்பர் பின்பாதியில் இரவு நான்கைந்து டிகிரி, வடக்கில் பூஜ்ஜியம். அதிகாலை மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் புகார். ஹீட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கரண்டு தீர்ந்திருக்கும்.

100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் கெடுக்காமல் எடுக்கக்கூடியது 50. இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஓடும்போது சராசரி இரண்டு ஆம்பியர், ஒன்பது மணி நேரத்துக்கு 18. பற்றும்போது சில நிமிடம் எட்டு ஆம்பியர் வரை இழுக்கும், அதற்கு இரண்டு. ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடிச் சராசரி ஒன்றரை ஆம்பியர், மாலை முதல் காலை வரை 14 மணி நேரத்துக்கு 21. விளக்கு, இரண்டு போன் சேர்ந்து ஐந்து. மொத்தம் 46. விளிம்பில் நிற்கிறோம். ஒரு லேப்டாப் சார்ஜ் செய்தாலோ, அன்று ஒரு மணி நேரம் மட்டுமே ஓட்டி பேட்டரி நிரம்பாமலிருந்தாலோ, விடியுமுன் தீர்ந்துவிடும். வெளியே நான்கு டிகிரி இருக்கும்போது ஃப்ரிட்ஜ் எதற்கு? ராத்திரி அணைத்துவிட்டால் 25-ல் முடியும்.

பேட்டரி மீட்டரில் ஓய்வு நிலையில் 12.7 வோல்ட் முழுசு, 12.2 பாதி. 12-க்குக் கீழே ஹீட்டரைத் தொடங்கினால் விசிறி சுழன்று, பற்றவைக்கும் கம்பி கரண்டை இழுத்து, வோல்டேஜ் விழுந்து அணையும். மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துவதுதான் பெரிய தவறு, ஒவ்வொரு முயற்சியும் மிச்சத்தையும் உறிஞ்சும். மூன்று இரவுக்கு ஒரு தடவையாவது மின்இணைப்புள்ள இடம் எடுத்து, நீல மூன்றுமுனை பிளக்கில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது காரணம் டீசல். ஹீட்டர் மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர் வண்டி டேங்கிலிருந்தே எடுக்கும். ஆனால் அதன் உறிஞ்சுகுழாய் டேங்கின் அடிவரை போகாது. ஹீட்டர் எரித்து வண்டி வழியில் நிற்கக் கூடாது என்று குழாயை மேலேயே நிறுத்தியிருப்பார்கள். முள் கால் டேங்குக்குக் கீழே போனால் இன்ஜின் ஓடும், ஹீட்டர் பற்றாது. படுக்கப் போகுமுன் பாதி டேங்க் இருக்கட்டும்.

அணைக்கும்போது பொத்தானை அழுத்திவிட்டு, விசிறி இரண்டு மூன்று நிமிடம் ஓடித் தானே நிற்க விடுங்கள். மெயின் சுவிட்சை வெட்டினால் உள்ளே சூடு தங்கிக் கெடும். கேஸ் அடுப்பைக் குளிர்காய எரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு நாற்றமின்றிச் சேரும், தூங்குபவர் எழ மாட்டார்.

அடுப்பு

விமானத்தில் கேஸ் குப்பி கொண்டுவர முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும். திருகு வகையா, குத்து வகையா என்று அடுப்பைப் பார்த்து வாங்குங்கள். வெறும் பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டி ஆவியாகாது, காலையில் அடுப்பு சோம்பும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவையே வேண்டும். ஒரு லிட்டர் கொதிக்க 15 கிராம் வரை செலவாகும். காலை காபி, இரவு ஒரு சமையல் என்று நாளைக்கு 45 கிராம். 230 கிராம் குப்பி இரண்டு போதும், கைக்காவல் ஒன்று. ரெய்க்யாவிக் முகாமில் முன்னே வந்தவர்கள் விட்டுப்போன பாதிக் குப்பிகளை அலமாரியில் வைத்திருப்பார்கள், எடுக்கலாம். இரண்டு லிட்டர் குக்கர் கொண்டுபோனால் சோறு பொங்கும் கேஸ் பாதியாகும். தாளிப்பை மட்டும் வண்டிக்கு வெளியே, காற்று மறைவில் வையுங்கள். மிளகாய்ப் புகை மெத்தையில் ஏறினால் ஒப்படைக்கும் நாளில் துப்புரவுக் கட்டணமாக வரும்.

குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை வரும், சமையலுக்குக் குளிர்நீரை எடுங்கள்.

எங்கே தூங்கலாம்

இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் எண் 60/2013, 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முகாம்களுக்கு வெளியே கேம்பர்வேனில் இரவு தங்க நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். அருவியின் கார் பார்க், கடற்கரை ஓரம், ஊருக்குள் தெருமுனை எல்லாம் இதில் அடங்கும். "எல்லோரும் நிற்கிறார்களே" என்று பார்த்து நிற்பதால் விடியலில் போலீஸோ பண்ணைக்காரரோ கண்ணாடியைத் தட்டுவார்.

செப்டம்பரில் வேறொரு சிக்கல். முகாம்கள் பல மே நடுவில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடிவிடும். கேம்பிங் கார்டு எனும் மொத்தச் சீட்டும் கோடைக்கு மட்டுமே. நம் பயணத்தில் அது பயன்படாது. ஆகவே ஒன்பது இரவுக்கும் திறந்திருக்கும் முகாமை வீட்டிலிருந்தே தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். ரெய்க்யாவிக், ஸ்காஃப்டாஃபெல், எகில்ஸ்ஸ்தாதிர் மூன்றும் ஆண்டு முழுக்க இயங்குபவை. இந்த மூன்றையும் ஆணிகளாக அடித்து, மற்ற இரவுகளை அவற்றுக்கிடையே தொங்கவிடுவது பத்திரமான திட்டம். கட்டணம் ஆளுக்கு 2,000 முதல் 3,000 குரோனா எனக் கணக்கிடுங்கள். மின்சாரமும் சில இடங்களில் குளியலும் தனி.

முகாமில் குளியல் சரியில்லையென்றால் ஊர் நீச்சல் குளம் இருக்கிறது. அநேகமாக ஒவ்வொரு சிற்றூரிலும் உண்டு. குளத்தில் இறங்குமுன் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பது அங்கே விதி. கூச்சத்தால் நீச்சலுடையோடு குளித்தால் ஊழியர் திருப்பி அனுப்புவார்.

பாதை

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை முதல் இரண்டு நாள் வானிலை தீர்மானிக்கட்டும். தெற்குக்கு எச்சரிக்கை என்றால் வடக்கே கிளம்புங்கள். கடிகார எதிர்த்திசையில் சுமார் தூரங்கள்: ரெய்க்யாவிக்கிலிருந்து வீக் 187, அங்கிருந்து ஹோஃப்ன் 272, எகில்ஸ்ஸ்தாதிர் 257, மீவாத்ன் 165, அகூரெய்ரி 80, போர்கார்நெஸ் 315, ரெய்க்யாவிக் 75. வரம்பு தார்ச்சாலையில் 90, சரளையில் 80 என்றாலும் நிறுத்தங்களோடு மணிக்கு 60 கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். நூறு கிலோமீட்டருக்கு 8.5 லிட்டர் என்று வைத்தால் 1,750-க்கு 150 லிட்டர் டீசல். கிலோமீட்டர் கட்டணம் பில்லில் தனி வரியாக வருமா என்றும் புக்கிங்கின்போதே கேளுங்கள்.

ஐன்ப்ரெய்த் ப்ரூ என்று பலகை வந்தால் ஒருவழிப் பாலம்: கிட்டே வந்தவர் முதலில் போவார், சந்தேகமானால் நின்றுவிடுங்கள். மால்பிக் எந்தார் என்றால் தார் முடிகிறது, பலகைக்கு முன்பே 50-க்கு இறங்குங்கள். 90-ல் சரளையில் இறங்கி பிரேக் போட்டுக் கவிழ்வது இங்கே அறிந்த விபத்து. ப்ளைந்ஹைத் என்றால் எதிர்ப்பக்கம் தெரியாத மேடு.

ஹோஃப்னுக்கும் எகில்ஸ்ஸ்தாதிருக்கும் நடுவே மேப் செயலி 939-ஆம் எண் ஓக்ஸி சாலையைக் காட்டும், 60 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் என்று ஆசை காட்டும். செங்குத்தான சரளைக் கணவாய் அது, சரிவு 17 சதவீதம் வரை, பனிமூட்டம் வேறு. முன்சக்கர வேனில் போகாதீர்கள். 2017 முதல் ஒன்றாம் எண் சாலை கிழக்குக் கடற்கரை வழியாகவே போகிறது, அதையே பிடியுங்கள். எகில்ஸ்ஸ்தாதிரில் டேங்கை நிரப்பிவிட்டு மேலேறுங்கள். மோத்ருதால் மேட்டுநிலத்தில் செப்டம்பரிலேயே பனி விழலாம், நவம்பருக்கு முன் வண்டியில் ஆணி டயரும் இருக்காது. பனி அறிவிப்பு வந்தால் ஒரு நாள் காத்திருப்பதுதான் வழி. பத்து நாளில் ஒன்றரை நாளையாவது இதற்காக வெறுமையாக வையுங்கள்.

செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி இறக்கும் காலம். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி குறுக்கே ஓடும் என்றே நினைத்து வேகத்தைக் குறையுங்கள். மதுவுக்கு 2020 முதல் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.2 கிராம், அதாவது ஒரு பீர்கூட அபாயம்.

அகூரெய்ரிக்கு முன்னால் 7.5 கிலோமீட்டர் வாத்லாஹெய்தி கட்டணச் சுரங்கம். வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள், கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். அன்றே இணையத்தில் கட்டுங்கள். விட்டால் பில் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் சேவைக் கட்டணம் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். கட்ட மனமில்லையென்றால் வீகுர்ஸ்கார்த் கணவாய் வழி இலவசம். மேற்கிலுள்ள ஹ்வால்ஃபியோர்தூர் சுரங்கம் 2018 முதல் இலவசம். அருவிகளின் கார் பார்க் கட்டணமும் இதே கேமரா முறைதான்.

ஒப்படைப்பு

கடைசி இரவை ரெய்க்யாவிக் பகுதியில் வையுங்கள். காலையில் கழிவுநீரை முகாமின் வடிகாலில் மட்டும் ஊற்றி, பெட்ரோல் பங்குகளில் இலவசமாக வைத்திருக்கும் தண்ணீர்த் தூரிகையில் வண்டியைக் கழுவுங்கள். கழுவும்போது பெயின்ட்டில் தூரிகையை அழுத்தித் தேய்க்காதீர்கள், முதலில் தண்ணீரால் மணலை இறக்குங்கள். மணலோடு தேய்த்த கீறல் உங்கள் கணக்கில் சேரும். கெஃப்லாவிக்கில் டேங்கை நிரப்பி ரசீதைப் படம் எடுங்கள்.

முதல் நாள் எடுத்த அதே வரிசையில் இன்னொரு வீடியோ: மூலைகள், விண்ட்ஷீல்டு, திறந்த கீல்கள், கூரை, அடி, மீட்டர். முடிந்தவரை ஊழியர் ஒருவரை அருகில் வைத்து, "சேதம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். அதிகாலை விமானத்துக்காகச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வீடியோ ஒன்றே சாட்சி. டெபாசிட் விடுவிக்கப்பட்ட பிறகும் இரண்டு மாதம் வரை இரண்டு வீடியோவையும் அழிக்காதீர்கள். வேக கேமரா அபராதமும் கட்டாத பார்க்கிங்கும் வாரங்கள் கழித்தே கார்டுக்கு வந்து சேரும். அப்போது எந்த நாள், எந்த இடம் என்று பார்க்க, கட்டிய ஒவ்வொரு ரசீதும் அதே போல்டரில் இருக்கட்டும்.